நடுவில் உட்காரக் கற்றுத்தரும் படிப்பு
(சங்கத்தின் மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)





பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு, தேக்காவில் மிளகாயும் மல்லியும் விற்பவன் நான். கல்வியைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள் என்று முதலில் விளங்கவில்லை. "உங்க அக்கா மகள் என்னமோ புதுசாப் படிக்குதாமே, அதைச் சொல்லுங்க" என்றார் செயலாளர்.

அவள் படிப்பது அமைதி ஆய்வும் பிணக்குத் தீர்வும். இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். "சண்டையை விலக்கிவிட ஒரு பட்டமா? அதற்கு இவ்வளவு செலவா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, நன்னாவும் சின்ன நன்னாவும் நாலு வருஷம் பேசாம இருந்தாங்களே, அதைத் தீர்த்து வைத்தது யாரு?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கதையை இங்கே பலர் அறிவீர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம். அத்தாவும் சாச்சாவும் கூட்டாக நடத்திய கடை பிரிந்தது. கடை எனக்குத்தான் என்றார் அத்தா. எனக்குத்தான் என்றார் சாச்சா. ஜும்ஆவில் ஒருவர் முன் வரிசையில் இருந்தால் மற்றவர் பின் வரிசையில் இருப்பார். அந்த நாலு வருஷத்துக்குள் என் பாட்டி மவுத்தானார்கள். அண்ணன், தம்பி இருவரும் ஒரே சந்தூக்கைத் தோளில் சுமந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் தனித்தனியே தேநீருக்கு அழைத்து, "கடை எதற்கு வேண்டும்?" என்று கேட்டார். தம் தகப்பனார் பெயர் எழுதிய பலகையை விட அத்தாவுக்கு மனமில்லை. கடை கைவிட்டுப் போனால் மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்குத் தரமாட்டார்களே என்பது சாச்சாவின் பயம். வெளியே இருவரும் கேட்டது ஒரே கடை. உள்ளே இருந்த தேவை வேறு வேறு. கடை அத்தாவுக்கு என்றும், ஒவ்வொரு வியாபாரியிடமும் அத்தாவே நேரில் போய்த் தம்பிக்காக வாக்குக் கொடுப்பது என்றும் முடிவானது. அதைப் பேரேட்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பெரியவர் செய்ததைத்தான் இவள் பாடமாகப் படிக்கிறாள். ஒருவர் கேட்பது ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கும் தேவை வேறு என்பது அவளுடைய முதல் பாடங்களில் ஒன்று. தனித்தனியே பேசுவது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, முடிவைத் தான் எடுக்காமல் சம்பந்தப்பட்டவர்களையே எடுக்க வைப்பது, முடிந்ததை எழுதி வைப்பது எல்லாமே பாடத்தில் இருக்கின்றன.

பிராட்ஃபர்டில் இந்தத் துறை 1970களில் தொடங்கியது. அதன் முதல் பேராசிரியர் ஆடம் கர்ல், நைஜீரிய உள்நாட்டுப் போரில் இரு தரப்பிடமும் போய்ப் பேசியவர். தூரம் போக முடியாதவர்களுக்குப் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அமைதி ஆய்வு நடக்கிறது. நம் ஊரிலும் இதற்கு இடம் உண்டு. முதல் சமூக சமரச நிலையம் 1998ல் திறக்கப்பட்டது. அண்டைவீட்டாரின் சத்தம், சிகரெட் புகை போன்ற வழக்குகளைத் தொண்டூழியர்கள் அங்கே பேசித் தீர்க்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 7ஆம் தேதி, வணிகச் சமரசத்துக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 46 நாடுகள் கையெழுத்திட்டது இங்கேதான். அதற்குச் சிங்கப்பூர் உடன்படிக்கை என்றே பெயர்.

மார்க்கத்திலும் இது புதிதல்ல. கஅபாவில் ஹஜருல் அஸ்வத் கல்லை யார் வைப்பது என்று குறைஷிகள் வாளெடுக்க இருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்தார்கள். எல்லாக் கூட்டத்தாரும் துணியைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவரும் தோற்கவில்லை. கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர் வேண்டும் என்பது குர்ஆன் காட்டும் வழி. நம் ஷரியா நீதிமன்றத்திலும் ஹக்கம் நியமிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

பெற்றோர்களுக்கு இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டம் வாங்கிய மறுநாளே சமரசர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு வயதும் அனுபவமும் வேண்டும். சட்டம், சமூக சேவை, மனிதவளம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துப் படித்தால் வேலைக்கு வழி சுலபம். இரண்டாவது, எல்லாப் பிணக்கையும் சமரசம் பேசக்கூடாது. அடி வாங்கும் பெண்ணை உட்காரவைத்து விட்டுக்கொடு என்பது சமரசமே அல்ல. அந்த இடத்தில் முதலில் பாதுகாப்பு, பிறகு சட்டம். "நம்ம ஆளுங்க அதிகம் தப்புப் பண்றது இங்கதான் மாமா" என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி ஒரு வீட்டில் போய் விட்டுக்கொடு என்று பேசியிருக்கிறேன்.

எங்கள் வீட்டைச் சேர்த்துவைத்த பெரியவர் இன்று இல்லை. அவருக்குத் தெரிந்ததை யாரும் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் பின்னறையில் எத்தனையோ குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு உட்காரும்போது, இரு தரப்பும் சம்மதித்தால், ஓர் இளையரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் இதைப் படிக்கிறேன் என்று வந்தால், என்னைப் போல் முதலில் சிரித்துவிடாதீர்கள்.

அத்தாவும் சாச்சாவும் இப்போது ஒரே வரிசையில்தான் தொழுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பாட்டி அதைப் பார்க்கவில்லை. அந்த நாலு வருஷம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது.