கேபினெட்டோட ஃப்ரீயா வந்த எஸ்எம்பிஎஸ்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, 60,000 பட்ஜெட். எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" ஒருத்தர்கூட எந்த எஸ்எம்பிஎஸ் போடலாம்னு கேக்கல. குறை சொல்லல. 2020-ல நானும் கேக்கல. அதனால ஒரு கடை நின்னுச்சு. இன்னைக்கு எபிசோட் அந்தக் கடையைப் பத்தித்தான்.

என் சித்தப்பா திருச்சுழியில டிடிபி கடை வச்சிருக்கார். வெளியூர்க்காரங்களுக்கு, ரமண மகரிஷி பிறந்த ஊருன்னா தெரியும். அருப்புக்கோட்டையில இருந்து பஸ்ல போனா ரெண்டு பக்கமும் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். சித்தப்பாவோட வேலை கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஃப்ளெக்ஸ். இங்க டிசைன் பண்ணி ஃபைலை சிவகாசிக்கு அனுப்புவார், அங்க அச்சாகி வரும். அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு அரிசி.

2020 பொங்கலுக்குப் பழைய சிஸ்டத்தை மாத்தணும்னு சொன்னார். எனக்கு அப்போதான் வேலை கிடைச்சிருந்தது. "நீங்க கவலைப்படாதீங்க சித்தப்பா, நான் பாத்துக்குறேன்"னு சொல்லி, 45,000 ரூபாய்ல நானே அசெம்பிள் பண்ணேன். நல்ல பிராசஸர். கோரல் டிராவுக்குத் தேவையே இல்லாத ஒரு கிராபிக்ஸ் கார்டு. கலர் கலரா லைட் எரியுற கேபினெட். அந்த கேபினெட்டோட ஒரு எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ. ஸ்டிக்கர்ல 500 வாட்னு போட்டிருந்தது. தனியா வாங்கியிருந்தா 3,000, 4,000 ஆகியிருக்கும். அந்தக் காசு மிச்சம்னு சந்தோஷப்பட்டேன்.

ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் போன் வர ஆரம்பிச்சது. "தம்பி, கரண்ட் கண்ணடிச்சா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகுதுப்பா." யூபிஎஸ் இருக்கு, அப்புறம் எப்படி? "பேட்டரி போயிருக்கும் சித்தப்பா, மாத்துங்க"ன்னேன். மாத்தினார். நிக்கல. "சேவ் பண்ணிக்கிட்டே வேலை பாருங்க"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்.

2022 வைகாசி. முகூர்த்த மாசம், கடையில கூட்டம். மத்தியானம் ரெண்டு மணிக்கு டப்புனு ஒரு சத்தம், கருகல் வாடை, எல்லாம் ஆஃப். எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியா போகல. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. ஆறு வருஷ டிசைன் ஃபைல் அதுல இருந்தது, பேக்கப் இல்ல. அன்னைக்கு சாயங்காலம் சிவகாசிக்குப் போக வேண்டிய பத்திரிகை ஒண்ணும் அதுல இருந்தது. சித்தப்பா அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, தெரிஞ்சவர் கடையில ராத்திரி உக்காந்து மறுபடியும் முதல்ல இருந்து டைப் பண்ணார். அவசரத்துல மாப்பிள்ளையோட தாத்தா பேர் விட்டுப் போச்சு. 500 பத்திரிகையும் அச்சாகி வந்தப்புறம்தான் பாத்தாங்க. திரும்ப அடிச்ச செலவு சித்தப்பா கையில இருந்து போச்சு. அந்த வீட்டுக்காரங்க அதுக்கப்புறம் கடைக்கு வரல.

என்னை ஒரு வார்த்தை திட்டல. "நீ என்னப்பா பண்ணுவ, கரண்ட் அப்படி"ன்னார். அந்த வாரக் கடைசியில போய் சிபியுவைத் திறந்து பார்த்தேன். கரண்ட் மேல மட்டும் பழி போட முடியாதுன்னு புரிஞ்சது.

யூபிஎஸ் இருந்தும் ஏன் ரீஸ்டார்ட் ஆச்சு?

எஸ்எம்பிஎஸ் வேலை என்னன்னா, சுவத்துல வர்ற 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியா மாத்தித் தர்றது. அதுக்குள்ள உருளையா ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும். அதை ஒரு குடம் தண்ணினு வச்சுக்கோங்க. குழாய் நின்னாலும் கொஞ்ச நேரம் குடத்துல இருந்து ஊத்தலாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஹோல்ட் அப் டைம்னு பேர். ஏடிஎக்ஸ் ஸ்டாண்டர்டுல பல வருஷமா இருந்த அளவு, முழு லோடுல சுமார் 16 மில்லி செகண்ட்.

கடையில வச்சிருக்குற சாதாரண யூபிஎஸ், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற சுமார் 4-ல இருந்து 10 மில்லி செகண்ட் எடுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்த இடைவெளியைத் தாண்டிடும். ஃப்ரீயா வந்ததுல குடத்துக்குப் பதிலா டம்ளர்தான் இருந்தது. போகப் போக அந்த டம்ளரும் வத்திப் போச்சு. நான் போன்லயே பேட்டரினு தீர்ப்பு சொல்லிட்டேன்.

வீட்டு இன்வெர்ட்டர்ல கம்ப்யூட்டர் ஓட்டுறவங்க ஒண்ணு கவனிங்க. பல இன்வெர்ட்டர்ல பின்னாடி யூபிஎஸ் மோட், எக்கோ மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கும். கம்ப்யூட்டர் இருந்தா யூபிஎஸ் மோட்ல வைங்க. இன்னொண்ணு மெதுவா மாறும்.

லோ வோல்டேஜ் இன்னொரு தொல்லை. தெருவுல தறியும் மோட்டாரும் ஓடுற நேரத்துல 230 எங்கயோ கீழ இறங்கியிருக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்ல லேபிள்ல 100-240 வோல்ட்னு போட்டிருப்பாங்க. அது இந்த இறக்கத்தைப் பெருசா கண்டுக்காது. லேபிள்ல வெறும் 230 மட்டும் போட்டிருந்தா, நம்ம ஊருக்கு யோசிங்க.

வெயிலும் கெபாசிட்டரும்

இந்த வகை கெபாசிட்டர் உள்ள திரவம் இருக்கும். சூட்டுல அது கொஞ்சம் கொஞ்சமா காயும். இன்ஜினியருங்க வச்சிருக்குற தோராயக் கணக்கு: 10 டிகிரி கூடினா ஆயுள் பாதி, 10 டிகிரி குறைஞ்சா ரெட்டிப்பு.

ரெண்டு கெபாசிட்டர் எடுத்துக்குவோம். ரெண்டுமே 2,000 மணி நேரம்னு ரேட்டிங். ஆனா ஒண்ணு 85 டிகிரியில, இன்னொண்ணு 105 டிகிரியில. மே மாசம் திருச்சுழியில வெளிய 40 டிகிரிக்குப் பக்கத்துல. தகர ஷெட் கடை. எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ள 65-னு வச்சுக்கோங்க. 85 டிகிரி கெபாசிட்டர் 20 டிகிரி கீழ ஓடுது, ஆயுள் நாலு மடங்கு, 8,000 மணி நேரம். 105 டிகிரி கெபாசிட்டர் 40 டிகிரி கீழ ஓடுது, பதினாறு மடங்கு, 32,000 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கடை திறந்தா முதல் ஆளு 1,000 நாள். ரெண்டாவது ஆளு 4,000 நாள், அதாவது கிட்டத்தட்ட பதினொரு வருஷம். பக்கத்துல கமுதியில 2016-ல 648 மெகாவாட் சோலார் நிலையம் வச்சாங்கல்ல, அதே வெயில்தான் இங்க நம்ம கெபாசிட்டரைக் காய வைக்குது.

இது சின்னக் கடை பிரச்சினை மட்டும் இல்ல. 2000-களோட ஆரம்பத்துல தரமில்லாத கெபாசிட்டர் உலகம் பூரா மதர்போர்டுகளைச் சாய்ச்சது. 2003 மே-ல இருந்து 2005 ஜூலை வரைக்கும் டெல் அனுப்பின கம்ப்யூட்டர்ல, பழுதாகும் அபாயம் இருந்தது குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம்னு பின்னாடி கோர்ட் ஆவணங்கள்ல வெளிய வந்துச்சு. காரணம், விரல் நுனி சைஸ் பார்ட்.

அப்போ 80 ப்ளஸ் கோல்டு ஸ்டிக்கர் இருந்தா போதுமா? போதாது. 2004-ல வந்த அந்த 80 ப்ளஸ் முத்திரை முக்கியமா சொல்றது: வாங்குற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம கம்ப்யூட்டருக்குப் போகுதுங்கறது. டெஸ்ட் நடக்குறதும் சுமார் 23 டிகிரி ரூம்ல. அந்த 23 டிகிரி நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலையில கிடைக்கலாம். 2021-ல ஜிகாபைட்டோட பி750ஜிஎம் மாடல், கோல்டு முத்திரை வச்சிருந்தும், டெஸ்ட் பண்ணவங்க பெஞ்சுலயே வெடிச்சது. லோடு எல்லை மீறினா தானா நிக்கிற பாதுகாப்பு, 120-ல இருந்து 150 சதவீதம் வரைக்கும் விட்டுக்கொடுத்திருந்தது. கம்பெனி அதை 110-120 சதவீதத்துக்குக் குறைச்சது. அதனால ஸ்டிக்கரோட சேர்த்து மூணு விஷயம் கேளுங்க. 105 டிகிரி கெபாசிட்டரா? ஓவர் வோல்டேஜ், ஓவர் பவர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எல்லாம் இருக்கா? வாரண்டி எத்தனை வருஷம்? அஞ்சு வருஷம் தர்ற கம்பெனி தன் பொருளை நம்புது. ஒரு வருஷம் தர்ற கம்பெனி எதை நம்புதுன்னு நீங்களே யோசிங்க.

எர்த் குழி

சிபியுவைத் திறக்கும்போது கேபினெட்டைத் தொட்டேன், சுரீர்னு இருந்தது. "அது எப்பவும் அப்படித்தான்பா, பிரிண்டர் ஒயர் சொருகும்போதுகூட பொறி பறக்கும்"னார் சித்தப்பா. எர்த் வேலை செய்யல.

எஸ்எம்பிஎஸ் உள்ள, இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெபாசிட்டர் கேபினெட்டோட இணைஞ்சிருக்கும். எர்த் இருந்தா அதுல கசியுற துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும். இல்லன்னா கேபினெட் பாதி வோல்டேஜ்ல, சுமார் 115-ல மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால சுரீரோட போயிடுது. ஆனா அதே நிலையில யூஎஸ்பி கேபிள் சொருகினா போர்ட் போகலாம். உள்ள நிஜமாவே ஒயர் பட்டுட்டா ஆளே போகலாம். ஸ்பைக் பஸ்டர் வாங்கினாலும் அது எர்த் வழியா தள்ள வேண்டிய ஸ்பைக்குக்குப் போக்கிடம் இல்ல.

இதுல நம்ம மண்ணுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. எர்த் நல்லா இருக்கணும்னா கம்பியைச் சுத்தி ஈரம் இருக்கணும். அதுக்குத்தான் குழியில கரியும் உப்பும் போடுறாங்க. கரிசல் மண்ணு மழையில உப்பும், கோடையில சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அப்போ கம்பிக்கும் மண்ணுக்கும் ஒட்டு விட்டுப்போகும். மழைக்காலத்துல செக் பண்ணி சரியா இருந்த எர்த், சித்திரையில இல்லாம போகும். எலக்ட்ரீஷியன் வந்து அளந்தார், குழியைச் சரி பண்ணார், "கோடையில வாரம் ஒரு குடம் ஊத்துங்க"ன்னார். செலவு நான் வாங்கின கிராபிக்ஸ் கார்டுல பத்துல ஒரு பங்குகூட இல்ல.

மத்த பார்ட்ஸ்

இதுல வேகமா போயிடுறேன். பிராசஸர் தானா போறது அபூர்வம். இன்டெல் 13, 14-ம் தலைமுறையில சில மாடல்களுக்கு 2024-ல பிரச்சினை வந்தது. அது வச்சிருந்தா பயாஸ் அப்டேட் பண்ணுங்க. மதர்போர்டுல லைட்டைப் பாக்காம, பிராசஸருக்குக் கரண்ட் தர்ற இடத்துல ஹீட் சிங்க் இருக்கான்னு பாருங்க. ராம் வாங்கின அன்னைக்கு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விடுங்க. ஒரு பிழை காட்டினாலும் காலையில திருப்பிக் குடுங்க. எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஒருநாள் போகும், அதனால பேக்கப் ரெண்டு இடத்துல.

கேபினெட்டுக்கு முன்னாடி கழட்டிக் கழுவுற மாதிரி டஸ்ட் ஃபில்டர் இருக்கணும். ஆடிக் காத்துல புழுதி எங்க போகும்னு நினைக்கிறீங்க? அருப்புக்கோட்டையில தறி ஓடுற தெருவுல இருக்குற ஒரு ஃப்ரெண்டோட சிபியுவைத் திறந்தேன், ஹீட் சிங்க் மேல பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருந்தது. எடுத்தப்புறம் ஃபேன் சத்தமே அடங்கிடுச்சு.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ-வை வாட்னு நினைச்சுக்காதீங்க. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். செட் பண்ண முதல் நாளே ஒரு டெஸ்ட்: கம்ப்யூட்டர்ல கனமான வேலை எதையாவது ஓட விட்டுட்டு, யூபிஎஸ் போட்டிருக்குற சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. பத்து தடவை பண்ணுங்க. ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனாலும் அந்த ஜோடி சேரல. திருப்பிக் குடுக்குற நாளுக்குள்ள கண்டுபிடிச்சுடுங்க.

2022-ல சித்தப்பாவுக்கு மறுபடி கட்டினேன், இந்த தடவை என் காசுல. முதல்ல எர்த், ரெண்டாவது யூபிஎஸ், மூணாவது 550 வாட் எஸ்எம்பிஎஸ், அப்புறம் மத்தது. கிராபிக்ஸ் கார்டு இல்ல, லைட் இல்ல. மிச்சக் காசுல பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். பழைய டிசைன்ல பாதியைக் கஸ்டமர்களோட வாட்ஸ்அப்ல இருந்து படமா திரும்ப வாங்கி, பாத்துப் பாத்து வரைஞ்சார். மீதி போனது போனதுதான்.

அதுக்கப்புறம் கரண்ட் கண்ணடிக்காம இல்ல. ஆனா அந்தப் போன் வரல. வெள்ளிக்கிழமை கடை வாசல் தெளிக்கும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊத்திடுறார்.

60,000 பட்ஜெட் கேட்ட நண்பர்களே, கார்டு பேரை அடுத்த எபிசோட்ல சொல்றேன். அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை. உங்க எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுங்க. கேபினெட்டைத் தொட்டா சுரீர்னா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஊர்ல இருக்குற அப்பா, சித்தப்பா, மாமா யாராவது "கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது"ன்னு போன் பண்ணா, என்ன மாதிரி போன்லயே தீர்ப்பு சொல்லாம ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க.