நம்ம சனம் நடந்த பாதையில் ஒரு சைக்கிள் பயணம்

(தோட்ட இளைஞர் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சைக்கிள் பயணம் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீசில் பார்த்துவிட்டு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், நம்ம மலையில சைக்கிளுக்கு என்னா வேலை? ஏறும்போது நாம அதத் தள்ளணும், எறங்கும்போது அது நம்மளத் தள்ளும்" என்றார். நியாயமான பேச்சுத்தான். பிறகு இன்னொன்றும் கேட்டார். "வெள்ளைக்காரங்க சைக்கிள்ல ஊர் சுத்துறாங்க, அவங்களுக்குக் காசு இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு இது எதுக்கு?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நம்முடைய முன்னோர் இந்தியாவில் இருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் கால்நடையாக நடந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, முன்னாலே கங்காணி. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ரயில் ஏறி வந்தார்கள். நடந்து வந்தவர்களின் கதை மெல்ல மெல்ல மறந்து போனது.

மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போது எனக்கு முழங்கால் வலி, போக முடியவில்லை. அந்தக் குறை மனதிலே கிடந்தது. நடக்க முடியாத காலுக்குச் சைக்கிள் மிதிப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று பிறகுதான் கண்டுகொண்டேன். 2024 பெப்ரவரியில் ஆறு பிள்ளைகளுடன் புறப்பட்டேன். நான்கு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளையை அம்மா விடவே மாட்டேன் என்றார். அம்மாயிதான் குறுக்கே வந்து, "நம்ம சனம் பொம்பளையும் பிள்ளையுமா நடந்தே வந்துச்சு, இவ சைக்கிள்ல போனா என்னா?" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

இரவல் வாங்கிய சைக்கிள்களை லொறியில் ஏற்றித் தலைமன்னாருக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து மதவாச்சிக்கு ஏறக்குறைய 114 கிலோமீட்டர். ரோட்டு உள்ளங்கை மாதிரிச் சமதரை. நம்ம பிள்ளைகளுக்கு அதுவே அதிசயம். "சார், எங்க பார்த்தாலும் வானம்தான் தெரியுது" என்றான் ஒருவன். மன்னார்த் தீவைத் தாண்டிப் பாலத்தால் பெரிய கரைக்கு வந்தால், கொஞ்சம் விலகித் திருக்கேதீஸ்வரம் இருக்கிறது. முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளம். அந்தக் குளத்துக் கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கிற எங்களுக்கே பத்து மணி வெயில் தாங்கவில்லை. அவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள்.

மதவாச்சியில் இருந்து அநுராதபுரம். அங்கே பெரிய தாதுகோபங்களையும் குளங்களையும் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு நாங்கள் பெரிய ரோட்டைப் பிடிக்கவில்லை. லொறியும் பஸ்சும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் பிள்ளைகளைக் கூட்டிப் போக எனக்குத் துணிவில்லை. ஜயகங்கை என்கிற வாய்க்கால் கரைப் பாதையில் திரும்பினோம்.

இந்த வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 5 ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற அரசன் கலா வெவ என்ற பெரிய குளத்தைக் கட்டி, அதன் தண்ணீரை அநுராதபுரத்துத் திசா வெவவுக்குக் கொண்டு போக வெட்டுவித்தது இது. நீளம் 87 கிலோமீட்டர். குளத்தில் இருந்து புறப்படும் முதல் 17 மைலில், மைலுக்கு வெறும் 6 அங்குலம்தான் சரிவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கரை கிடையாது. ஒரு பக்கம் மேட்டு நிலம், மறு பக்கம் மட்டும் கரை. நான் இதை விளங்கப்படுத்திக்கொண்டு வரும்போது, அம்மாயி அனுப்பிவைத்த அந்தப் பிள்ளை சைக்கிளை நிறுத்தியது. "சார், இது நம்ம மலையில வெட்டுற கான் மாதிரித்தானே? எங்கப்பா இப்படித்தான் மட்டம் பார்த்து வெட்டுவாரு" என்றது. முப்பது வருஷம் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை. தண்ணீர் மண்ணை அரிக்காமலும் தேங்காமலும் போக வேண்டுமானால் சரிவு அளவாக இருக்க வேண்டும். அரசன் காலத்து வேலைக்காரனுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு நம்ம கான் வெட்டும் ஆட்களுக்கும் தெரியும். அதை யாரும் பெரிய வித்தை என்று நமக்குச் சொன்னதில்லை.

வாய்க்கால் கரையில் இரண்டு நாள் ஓடினோம். மரநிழல், வயல், குளிக்கிற சனம். ஓர் இடத்தில் டயர் வெடித்தது. வயலில் நின்ற ஒரு சிங்கள ஐயா வந்து ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரவு விகாரை மண்டபத்தில் படுக்க இடம் தந்தார்கள். கலா வெவப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். அதனால் விடிந்த பிறகுதான் புறப்பட்டோம், நாலு மணிக்கு முன் ஒதுங்கிவிட்டோம். பக்கத்திலேயே அவுக்கணப் புத்தர் சிலை. ஒரே பாறையில் செதுக்கியது, ஏறக்குறைய 40 அடி.

அடுத்தது தம்புள்ளை. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். என் அப்பாயியின் பாட்டி நடந்து வந்தவர். இரண்டு பிள்ளைகளோடு கரையில் இறங்கினார், ஒரு பிள்ளையோடுதான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். "தம்புள்ளைக் காட்டுல விட்டுட்டு வந்தாங்க" என்று அப்பாயி சொல்வார், அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். எந்த இடம், என்ன பேர், ஆணா பெண்ணா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தம்புள்ளைக்குக் கிட்டே ஒரு மரத்தடியில் எல்லோரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றோம். ஒரு பையன் தன் போத்தலில் இருந்த தண்ணீரை மரத்தடியில் ஊற்றினான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தம்புள்ளையில் இருந்து மாத்தளை 46 கிலோமீட்டர் அளவு. இனித்தான் மலை ஏற ஆரம்பிக்கும். வழியில் நாலந்தைக் கெடிகே என்ற பழைய கற்கோயில் இருக்கிறது. நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் மூழ்காமல் இருக்க, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி எழுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கோயில் வேலைப்பாடு அதில் தெரியும். ஏழாம் நாள் பின்னேரம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். பிரேக்கை முதலில் பாருங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புறத் தள்ளும். மழையில் பிரேக் உடனே பிடிக்காது, ஆகவே முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். சீட்டைச் சரியான உயரத்துக்கு வையுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும். வெயில் ஏறும் முன் ஓடி, பத்து மணிக்கு நின்று, மூன்று மணிக்கு மேல் மறுபடி கொஞ்சத் தூரம் ஓடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு ஜீவனி பக்கெட் பையில் இருக்கட்டும். தாவணி, சால்வை சில்லில் சிக்காமல் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமை போனால் ஒரு கிழமைப் பேர் போகும், அது எனக்குத் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் முழுவதும் ஒரே தடவையில் போக வேண்டியதில்லை. மாத்தளையில் இருந்து நாலந்தைக்கு ஒரு போயா நாளில் போய்த் திரும்பலாம். மற்றத் துண்டுகளை அடுத்தடுத்த லீவில் பார்க்கலாம்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். வெள்ளைக்காரர் புது இடம் பார்க்க வருகிறார். நம்ம பிள்ளை போவது தன் சனம் நடந்த இடத்தைப் பார்க்க. "நீ எங்கே இருந்து வந்தாய்" என்று நாளைக்கு யாராவது கேட்டால், தலைகுனியாமல் வழி சொல்லத் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும்.

ஆகஸ்ட் லீவில் மறுபடியும் போகிறோம். வர விரும்புகிற பிள்ளைகளின் பெயரைப் பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கும் கொப்பியில் பெற்றோர் கையெழுத்தோடு எழுதுங்கள். உங்கள் வீட்டில் நடந்து வந்தவர்களின் கதை ஏதாவது தெரிந்தால் அதையும் பக்கத்திலே எழுதி வையுங்கள். அந்த இடத்துக்குப் போகும்போது நாங்கள் நின்று போகிறோம்.