நாய்க்குட்டியும் நட்பாராய்தலும்



நட்பாராய்தல் என்ற பெயரில் திருக்குறளிலே ஓர் அதிகாரம் உண்டு. அது 80ஆவது அதிகாரம். நாலடியாரிலும் அதே பெயரில் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போலக் கேடு வேறில்லை, கொண்ட பிறகு விட்டு விலக வழியில்லை என்பது வள்ளுவர் கருத்து. நாலடியாரோ யானையையும் நாயையும் நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. நெடுங்காலம் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ உடம்பிலே வேல் பாய்ந்து நிற்கும்போதும் வாலைக் குழைத்துக்கொண்டு வரும். ஆகையால் நாயைப் போன்றவர்களின் நட்பையே தேடிக்கொள்ள வேண்டும் என்கிறது.

இந்தப் பாடலை நான் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். நாயின் நன்றியுணர்வைச் சிறப்பித்துச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவதே வழக்கம். சென்ற ஆண்டு கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்த வேல் ஆர் எறிஞ்சது?" என்று கேட்டான். "வளர்த்தவன் எறிந்தது என்றுதான் பொருள் சொல்லுவது" என்றேன். "அப்ப அவரை ஆர் ஆராய்ஞ்சது?" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் என்னிடமும் ஒரு நாய் இருந்தது.

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்று ஊரெல்லாம் பீதி பரவிய காலம். பொழுது பட்டால் பெண்கள் கிணற்றடிக்குப் போகப் பயந்தார்கள். அப்போது நான் ஒரு நண்பர் மூலமாக 'அல்சேஷன் கலப்பு' என்று சொல்லப்பட்ட கடுவன் குட்டி ஒன்றை வாங்கினேன். குட்டியை நான் போய்ப் பார்க்கவில்லை. தாய் எது, தந்தை எது, எத்தனை கிழமைக் குட்டி என்று எதுவும் கேட்கவில்லை. காது நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் ரெலிபோனில் கேட்டேன். ஒரு மாம்பழப் பெட்டியில் அது பஸ்ஸில் வந்து இறங்கியது.

அல்சேஷன் என்றால் காவல், காவல் என்றால் சங்கிலி என்பது அன்றைய என் அறிவு. மூன்றாம் மாதம் தொடங்கி அதை வேப்பமரத்தடியில் கட்டினேன். பகல் முழுதும் கட்டு, இரவில் அவிழ்ப்பு. ஆட்களோடு பழகினால் காவல் கெட்டுவிடும் என்று அயலவர் சொன்னதைக் கேட்டு, வந்து போகிறவர்கள் எவரையும் அதைத் தொடவிடவில்லை. நன்றாகக் குரைத்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டாம் வருடம் ஒருநாள் சங்கிலி அறுந்தது. வேலிக்கு இப்பால் விழுந்த பந்தை எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனின் காலைக் கடித்துவிட்டது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும் என்பதுகூட அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மஞ்சளைத்தான் அப்பினார்கள். பிறகு ஆஸ்பத்திரி, விசர்நாய்க்கடித் தடுப்பூசி, அந்தத் தாயின் அழுகை. பிள்ளை சுகமாகிவிட்டான். நாயை மறுகிழமை வன்னிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு லொறியில் ஏற்றிவிட்டேன். ஏற்றும்போது என் கையை நக்கியது. எட்டாம் நாள் விசாரித்தபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை.

பின்னாளில்தான் அந்த இனத்தின் கதையை வாசித்து அறிந்தேன். ஜேர்மனியில் மக்ஸ் வொன் ஸ்ரெபனிற்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் ஆட்டிடையர்களின் நாய்களிலிருந்து தெரிந்தெடுத்து வளர்த்த இனம் அது. நாள் முழுதும் மந்தையோடு நடந்து, இடையனின் குரலுக்குக் காது கொடுத்து வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மன் என்ற பெயரே ஆகாது என்று ஆங்கிலேயர் அதற்கு அல்சேஷன் என்று பெயர் சூட்டினார்கள். இங்கிலாந்திலே 1977இல் பழைய பெயர் மீண்டும் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் அல்சேஷன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடப்பதற்கென்று பிறந்த ஒரு பிராணியை ஆறடிச் சங்கிலியில் இரண்டு வருடம் நிறுத்தி வைத்தவன் நான். அதிலும் அது கலப்பு. எத்தனை பங்கு அல்சேஷன் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயரை மட்டும் வாங்கி மரத்தடியில் கட்டியிருக்கிறேன்.

இப்போது பதின்மூன்று வயதாகும் என் மகள் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டு வந்தாள். நான் பதில் சொல்லாமல் தட்டிக் கழித்தேன். அண்மையில் உடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டது. தாய் எங்கள் ஊர் நாய், செம்மண் நிறம். தந்தை எதிர்வீட்டு லப்றடோர் என்று பேச்சு. "மாஸ்ரர், அரைவாசி லப்றடோர், விட்டால் கிடையாது. நாளைக்கே வந்து தூக்குங்கோ" என்றார் நண்பர். "நாளைக்கு வாறன், ஆனால் தூக்க இல்லை, பார்க்க" என்றேன்.

கோப்பாயில் உள்ள அந்த வீட்டுக்கு மகளும் நானும் ஒரு மாதத்துக்குள் மூன்று முறை போய்விட்டோம். இரண்டாம் முறை நண்பரின் தாயார் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன தம்பி, நாய்க்கும் சாதகம் பொருத்தம் பார்க்கிறியளோ?" என்று கேட்டார். ஒருவகையில் அதுதான். ஆனால் குலம் கோத்திரத்தை நான் பார்க்கவில்லை. 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்றில் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். 2,155 நாய்களின் மரபணுவையும் வாசித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 வீதம் என்றுதான் கண்டார்கள். ஏவலுக்கு இணங்குவது போன்ற சிலவற்றிலேதான் இனத்தின் சாயல் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அந்த ஆய்விலே கலப்பு நாய்களும் ஏராளம். எனவே 'அரைவாசி லப்றடோர்' என்பது உருவத்துக்கு ஓரளவு சொல்லும். குட்டி எவ்வளவு வளரும், எவ்வளவு தின்னும் என்பதற்கு அது உதவும். எங்களைப் பார்த்து அது பயப்படுமா பழகுமா என்பதை அதைக்கொண்டு சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மிருக வைத்தியர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தந்தையர் இருக்கக்கூடும். படலை திறந்து கிடக்கும் எங்கள் ஒழுங்கைகளிலே எதிர்வீட்டு லப்றடோர் மாத்திரம் வந்து போயிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஐந்தில் இரண்டு குட்டிகள் கறுப்பு. ஒன்று மயிர் சடைத்து பொமரேனியன் போலக்கூட இருந்தது. இந்த வெயிலிலே சடை மயிர் நாயின் பாடு தனிக் கதை.

ஆகவே நாங்கள் முதலில் பார்த்தது தாயை. அந்நியர் இருவர் வளவுக்குள் வந்ததும் அது குரைத்தது. நண்பர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அடங்கி வந்து மணந்தது. பின் குட்டிகளிடமே போய்ப் படுத்தது. அடுத்து, குட்டிகள் எங்கே வளர்கின்றன என்று பார்த்தோம். பின்வளவில் விறகுக் கொட்டிலில் அல்ல, குசினிக்கு வெளியே, மாவிடிக்கும் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்கிற இடத்தில். இது பெரிய விஷயம். அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமை வரையிலான காலத்திலேதான் குட்டி உலகத்தோடு உறவு கொள்ளப் பழகுகிறது என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் மனிதக் கையையே அறியாத குட்டிக்குப் பிறகு மனிதரென்றால் அச்சம். என் அல்சேஷன் கலப்பை நான் மரத்தில் கட்டிய மாதத்தை எண்ணிப் பாருங்கள். அந்தக் கதவு சாத்துகிற நேரம் பார்த்து நானும் படலையைச் சாத்தியிருக்கிறேன்.

எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பது வைத்தியரின் சொல். கடிப்பதற்கு அளவு உண்டு என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறதாம். தடுப்பூசிகளுக்கும் கிழமைக் கணக்கு உண்டு. பார்வோ என்ற வயிற்றோட்ட நோய் இரண்டொரு நாளிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும்.

குட்டியைப் பற்றிய விசாரணை இவ்வளவுடன் முடிந்தது. எங்களைப் பற்றிய விசாரணைதான் நீண்டது. அதை நடத்தியவர் என் மனைவி. காலை ஏழு மணியிலிருந்து இரண்டரை மணிவரை வீட்டில் யார் இருக்கிறார்கள்? மாமி மட்டும். மாமிக்கு நாய் சரியா? வைரவர் கோயிலில் தவறாமல் வடைமாலை சாத்துகிறவர், வைரவரின் வாகனத்தைப் படலைக்குள் விடுவாரா? (விடுவேன், ஆனால் குசினிக்குள் வரக்கூடாது என்றார்.) வெங்காயம் நாய்க்கு நஞ்சு, எங்கள் வீட்டில் வெங்காயமில்லாத கறி எது? அதற்கு வேறாகச் சமைப்பது யார்? மகள் உயர்தரத்துக்குப் படிக்கும்போது, பல்கலைக்கழகம் போனபின், யார் நடத்துவது? நாய் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். அப்போது நான் ஓய்வு பெறுகிற வயதுக்கு வந்துவிடுவேன். சங்கிலியைப் பற்றி மனைவி கேட்கவில்லை. மாமரத்தோடு சேர்த்து வளவின் மேற்குப் பக்கத்தை அடைத்து வேலி போட என்ன செலவாகும் என்று நானே மேசனிடம் கேட்டு வந்து சொன்னேன்.

மூன்றாம் முறை போனபோது கடுவன் குட்டிகள் மூன்றுக்கும் ஆள் வந்துவிட்டது. எஞ்சியவை இரண்டும் பெட்டை. பெட்டைக் குட்டி என்றால் எங்களூரில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சாக்கில் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருவார்கள். கட்டாக்காலி நாய் பெருகிவிட்டது என்று பிறகு நாங்களே குறை சொல்லுவோம். கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கும்போது இதற்கு நியாயம் ஏது? "மாஸ்ரர், கொஞ்சம் பொறுத்தால் வேறொரு இடத்தில் கடுவன் எடுக்கலாம்" என்றார் நண்பர், என் நன்மைக்காகத்தான்.

மகள் நிலத்தில் இருந்தாள். ஒரு குட்டி உடனே ஓடிவந்து பாவாடை விளிம்பைக் கடித்து இழுத்தது. மற்றது, கறுப்பு, தாயின் பின்னங்காலுக்குப் பின் நின்று பார்த்தது. மகள் கூப்பிடவில்லை, கையையும் நீட்டவில்லை, சும்மா இருந்தாள். ஏறத்தாழப் பத்து நிமிடம் கழித்து அது மெல்ல வந்து அவளுடைய செருப்பை மணந்து, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தது.

"இதுதான் அப்பா" என்றாள்.

"ஏன், மற்றது கெட்டிக்காரக் குட்டியெல்லோ?"

"இது எங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தது."

இன்று அந்தக் குட்டிக்கு ஆறு கிழமை. இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. மேற்கு வேலிக்குக் கம்பி வந்து இறங்கிவிட்டது. சனிக்கிழமைதோறும் மகளின் பழைய சட்டைத் துண்டொன்றைக் கொண்டுபோய்க் குட்டிகள் படுக்கிற சாக்கில் வைத்துவிட்டு வருகிறோம், மணம் பழகட்டும் என்று. பெயர் இன்னும் முடிவாகவில்லை. சங்க இலக்கியத்தில் நாய்க்கு ஞமலி என்றொரு பெயர் உண்டு என்று நான் எடுத்துச் சொன்னேன். அதைக் கூப்பிட்டு முடிக்கும் முன் நாய் ஒழுங்கை முடக்குத் திரும்பிவிடும் என்று மாமி சொல்லிவிட்டார்.