பெயர் நிற்கும் கல்

படைப்பணியில் உயிர்நீத்த வகுப்புத் தோழனின் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டி, ஆண்டுதோறும் மாலையிட்டு, அவன் பெயரைச் சொல்லும் நண்பர்கள், திருவண்ணாமலை மண்ணின் மிகப் பழைய வழக்கம் ஒன்றையே தொடர்கின்றனர். அது நடுகல், அதாவது, வீழ்ந்த வீரனின் உருவத்தையும் பெயரையும் கல்லில் செதுக்கி, ஊரார் நட்டு வழிபடுவது.

செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் இத்தகைய கற்கள் மிகுதி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், எருமை மந்தைக்கான போரில் மாண்ட கருந்தேவக்கத்தி வில்லேந்தி நிற்க, அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அரசர் பெயரைக் கல்லில் காண்பதில் வியப்பில்லை. இங்கே நாய்க்கும் பெயர் உண்டு, கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, வீழ்ந்த தலைவனுக்குக் காவல் நின்ற அந்தத் தோழமையை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாகியும் ஊர் மறக்கவில்லை.