நோய்ச் செய்தியும் நிலையக் கரும்பலகையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம். பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கு வந்து குடியேறியவர்கள் நாம். நம்முட் பலருடைய பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்டனர். அவருட் சிலர் முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அவர்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் இல்லத்தார் தொலைபேசியிற் சொல்வதே. அவ்வில்லத்தில் தொற்றுநோய் புகுந்தால் நமக்கு உடனே சொல்ல வேண்டுமா? வேண்டும் என்பதே எம் கருத்து.

எம் காலனியில் ஒரு குடும்பத்தார்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஊரில் ஓர் இல்லத்தில் இருந்த மூதாட்டிக்கு வயிற்றுப்போக்கு. “சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கவலை வேண்டாம்” என்றனர் இல்லத்தார். மகன் விடுப்பெடுத்துச் சென்று பார்த்தபோதுதான், அதே கூடத்தில் மேலும் பலர் அவ்வாறே படுத்திருந்தது தெரிந்தது. அம்மையார் பிழைத்தார், எழுந்து நடமாடும் வலு மட்டும் திரும்பவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கலாமே என்று அம்மகன் இன்றும் வருந்துகிறார்.

இல்லங்களில் நோய் விரைந்து பரவுவதற்குக் காரணம் உண்டு. ஒரே கூடம், ஒரே சமையல், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒரே பணிப்பெண் பத்துப் பேரைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறார். தளர்ந்த உடலோ நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றல் குன்றியது.

நம் தலைநகரிலேயே சான்று உண்டு. ரோகிணியிலுள்ள ஆஷா கிரண், மனவளர்ச்சி குன்றியோர்க்காகத் தில்லி அரசு நடத்தும் இல்லம். அங்கே 2024 ஜூலையில் மட்டும் 14 பேர் இறந்தனர். செய்தித்தாள்களில் வந்த பின்னரே நகரத்தார் அறிந்தனர். ஆகஸ்டு 2 அன்று அமைச்சர் விசாரணைக்கு ஆணையிட்டார். தில்லி உயர்நீதிமன்றம் குடிநீரையும் கழிவுநீர்க் குழாய்களையும் சோதிக்குமாறு பணித்தது. 570 பேர்க்கு அமைந்த இடத்தில் 900-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். தமக்கு நேர்வதை எடுத்துச் சொல்ல இயலாதவர்கள் அவர்கள். அவர்களுக்காகப் பிறர் பேச வேண்டுமாயின், பிறர்க்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

சென்னை இராயபுரத்து அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 2020 ஜூனில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா கண்டது. செய்தி வெளியானதும் உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. செய்தி வெளிவந்ததால் விளைந்த நன்மை இது.

இனி அமெரிக்க நாட்டைப் பார்ப்போம். கிர்க்லண்டு நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 2020-இன் தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, மக்கள் சன்னலுக்கு வெளியே நின்று பெற்றோரைப் பார்த்துக் கலங்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் அந்நாட்டு மத்திய அரசு ஒரு விதி வகுத்தது. ஒருவர்க்குக் கொரோனா உறுதியானாலும், 72 மணி நேரத்துள் மூவர்க்கு மூச்சுநோய்க் குறிகள் புதிதாகத் தோன்றினாலும், மறுநாள் மாலை 5 மணிக்குள் அங்கு வாழ்வோர்க்கும் குடும்பத்தார்க்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 இறுதி வரை நடப்பில் இருந்த அவ்விதி. நோயாளியின் பெயரை மட்டும் வெளியிடலாகாது என்றிருந்தது.

நம் நாட்டிலும் காசநோய் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஆணை 2012 முதல் உண்டு. ஆனால் அரசுக்குச் சென்ற தாள் மகனுக்கோ மகளுக்கோ வந்து சேர்வதில்லை.

“சொன்னால் பீதி உண்டாகும், இல்லத்தின் பெயர் கெடும்” என்பர் சிலர். இரயில்வேக் குமாஸ்தாக்களாகிய எமக்கு இதற்கு விடை தெரியும். வண்டி நான்கு மணி நேரம் தாமதம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால், பயணிகள் முணுமுணுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவர். ஒன்றும் எழுதாமல் விட்டாலோ, அரைமணியில் விசாரணைச் சாளரத்தில் கைகலப்பு நேரும். வதந்தி பிறப்பது மௌனத்தில்தான். பலகையில் வண்டியின் எண்ணை எழுதுகிறோம். பயணிகளின் பெயரை எழுதுவதில்லை. இல்லத்தாரும் அவ்வாறே செய்யலாம். எத்தனை பேர்க்கு என்ன நோய், என்று தொடங்கியது, என்ன செய்யப்படுகிறது என்னும் நான்கு வரி போதும். உண்மையை முதல் நாளே சொல்லும் இல்லத்தை நாம் குறை கூறாது போற்ற வேண்டும்; தூற்றினால் மறுமுறை அவர்கள் மறைக்கவே செய்வர்.

ஆகவே அன்பர்களே, ஊரில் பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன், அறையின் வாடகையையும் உணவின் சுவையையும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “தொற்றுநோய் கண்டால் எத்தனை மணி நேரத்தில் எமக்குச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். ஊருக்குச் செல்லும் நம்மவர், பிறர் பெற்றோரையும் ஒருமுறை கண்டு வாருங்கள். தொலைவில் வாழும் நாம் ஒருவர்க்கொருவர் கண்ணாக இருப்போமாக.