ஒருபுறக் கூருள்ள பழைய சேப்டி ரேஸர்கள்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமானதென்று சிலர் எண்ணக்கூடும். முகக்ஷவரம் செய்யும் சிறு கருவியைப்பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறதென்றும் கேட்கலாம். ஆயினும், ஒரு பொருளைக் கையிலெடுத்து, அதன் மேலுள்ள குறிகளைக்கொண்டே அதன் காலத்தை நிச்சயிக்கும் பழக்கம் அற்பமானதன்று. பழம்பொருள் வாங்குவோரில் பலர் விற்பவன் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை இழக்கின்றனர். வேறு பலர் நல்ல பொருளைத் தம் கையாலேயே கெடுத்துவிடுகின்றனர். இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கும் வழியைக் கூறுவதே என் நோக்கம்.

முதலில் சரித்திரத்தைச் சிறிது கவனிப்போம். 1847-ம் வருஷத்தில் ஹென்ஸன் என்னும் ஆங்கிலேயர், மண்வெட்டியைப்போல் பிடிக்குக் குறுக்காக அலகு அமைந்த க்ஷவரக்கத்திக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1880-ல் நியூயார்க் நகரத்துக் காம்ப்பே சகோதரர்கள் இவ்வமைப்பைத் திருத்தி, 'ஸ்டார்' என்னும் ரேஸரை வெளியிட்டனர். அதன் அலகு, நாவிதர் கத்தியின் ஒரு துண்டைப்போல் முதுகு தடித்து முனை மெலிந்தது. அடிக்கடி தோல்வாரில் தீட்டவேண்டுவது. அமெரிக்க வைத்தியரும் ஆசிரியருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1887-ல் வெளியான தமது ஐரோப்பிய யாத்திரை நூலில் இக்கருவியைப் புகழ்ந்திருக்கிறார்.

1903-ல் ஜில்லெட் என்பவர் இருபுறமும் கூருள்ள மெல்லிய பிளேடை விற்கத் தொடங்கினார். மழுங்கினால் தீட்டாமல் எறிந்துவிடலாம். ஒருபுறக் கூர்க்காரரும் சும்மா இருக்கவில்லை. 'ஜெம்', 'எவர்-ரெடி' என்னும் ரேஸர்களுக்கு, முதுகில் எஃகுத் தகடு மடித்த விறைப்பான பிளேடுகள் வந்தன. கெய்ஸ்மன் என்பவரின் 'ஆட்டோ ஸ்ட்ராப்' ரேஸரிலோ, பிளேடைக் கழற்றாமலே வாரில் தீட்டலாம்; அக்கம்பெனி 1930-ல் ஜில்லெட் கம்பெனியுடன் இணைந்தது. இங்கிலாந்தின் 'ரோல்ஸ் ரேஸர்' பெட்டியில் ஒரு மூடியில் சாணைக்கல்லும், மற்றொன்றில் தோல்வாரும் இருந்தன.

இனி, இனங்காணும் முறையைக் கூறுகிறேன். முதலாவது, அலகு உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஆப்புப்போன்ற தடித்த அலகுக்கு இடமிருப்பின் அது ஸ்டார் வகையைச் சேர்ந்தது. முதுகுத் தகடுள்ள மெல்லிய பிளேடுக்கு இடமிருப்பின் ஜெம் வகை. பிடியைத் திருகியவுடன் தலை திறப்பின், அது ஜெம் 'மைக்ரோமேட்டிக்' ஆகலாம்.

இரண்டாவது, பொறித்த எழுத்துக்களைப் படியுங்கள். அமெரிக்காவில் 1927-ம் வருஷத்துச் சட்டம் வரையில், பொருளின்மேல் உரிமைப்பத்திரம் பெற்ற தேதியைப் பொறிப்பதே முறை. அதன்பின் அப்பத்திரத்தின் எண்ணைப் பொறிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தேதி மட்டும் இருப்பின் பெரும்பாலும் முந்திய அமைப்பு. எண் இருப்பின் பிந்தியது எனக் கருதலாம்.

ஆனால் இங்கேதான் ஏமாற்றம் புகுகின்றது. எவர்-ரெடி ரேஸர் ஒன்றில் 1912 என்றிருப்பதால், அது அவ்வருஷத்தில் செய்யப்பட்டதென்று விற்பவர் கூறுவர். அது உரிமைப்பத்திரத்தின் வருஷமேயன்றி, கருவி பிறந்த வருஷமன்று. அதற்கு முன் அது செய்யப்பட்டிராது என்பது மட்டுமே அவ்வெழுத்துக்களால் தெரிவது.

மூன்றாவது, நிலைமையைச் சோதியுங்கள். பிளேடின் இரு கோடிகளையும் தடுத்து நிறுத்தும் சிறு முனைகள் தேய்ந்திருந்தால், பிளேடு கோணி முகத்தை அறுக்கும். பிடியில் வெடிப்பு உண்டா, கீலும் வில்லும் சரியாக வேலைசெய்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

சுத்தஞ்செய்வதில் அடக்கம் வேண்டும். பெரும்பாலானவை பித்தளைமேல் நிக்கல் முலாம் பூசப்பெற்றவை. மணலோ கரடான பொடியோ கொண்டு தேய்த்தால், முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரியும், எழுத்துக்களும் மழுங்கும். எழுத்தழிந்த கருவி, சாட்சியிழந்த வழக்கைப் போன்றது. வெதுவெதுப்பான நீர், சவுக்காரம், மெல்லிய தூரிகை ஆகிய இவை போதும். செல்லுலாய்டு முதலிய பிடிகளைக் கொதிநீரில் இடலாகாது. உள்ளே கிடைக்கும் துருவேறிய பிளேடால் எவரும் க்ஷவரம் செய்யவேண்டாம். இவ்வகைக்கேற்ற புதிய பிளேடுகள் இன்றும் கிடைக்கின்றன. வர்ணம் சுரண்டுவதற்கென்று விற்பவை முகத்திற்கு உரியவையல்ல.

அன்பர்களே! ஒரே அலகைத் தீட்டித் தீட்டிப் பல்லாண்டு காத்த தலைமுறைக்கும், சில நாளில் எறிந்துவிடும் தலைமுறைக்கும் இடையேயுள்ள மாறுதலை இச்சிறு பெட்டிகள் நமக்குக் காட்டுகின்றன. உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் பாட்டனார் வைத்த ரேஸர் ஒன்று கிடந்தால், அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குமுன், அதை உபயோகித்தவர் பெயரையும், கேட்டறிந்த வரலாற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். உரிமைப்பத்திரத் தேதியை எப்போதும் தேடிக்கொள்ளலாம். முதியோர் மறைந்தபின் அவர்கள் சொல்லக்கூடியதைத் தேடமுடியாது.