மனச்சோர்வும் மூளை மருத்துவமும்

பிழைப்பை நாடிக் கிருட்டிணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து ஹெப்பகோடியில் குடியேறியவர்கள் நாம். காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால், வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, உணவை வெறுத்து, பேச்சும் குன்றி மூலையில் முடங்கிவிட்டால் என்ன செய்கிறோம்? "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்கிறோம். வெளியே தெரிந்தால் பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்று மூடி மறைக்கிறோம். இது முறைதானா?

2015-16ஆம் ஆண்டுகளில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை.

இந்நோயில் மூளைக்கும் பங்குண்டு. அச்சத்தை எழுப்பும் பகுதியும், துயரத்தோடு தொடர்புடைய பகுதியும் மூளையின் ஆழத்தே உள்ளன. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை அவற்றை நெறிப்படுத்துகிறது. மனச்சோர்வில் இந்த ஆட்சி தளர்ந்துவிடுகிறது. அந்நிலையில் ஒருவரைத் திடமாயிரு என்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும் அன்றோ?

1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர், தலைக்கு மேல் வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் காட்டினர். 2008இல் அமெரிக்க அரசு இதனை மனச்சோர்வு மருத்துவத்திற்கு அனுமதித்தது. இதில் அறுவையில்லை; மயக்க மருந்துமில்லை. நோயாளி விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். வழக்கமாக வாரத்தில் 5 நாட்கள் வீதம், 4 முதல் 6 வாரங்கள் இது நடைபெறும்.

எவ்விடத்தைத் தூண்டுவது என்பதே பெருங்கேள்வி. தொடக்கத்தில், கைவிரலை அசைக்கும் மூளைப் பகுதியைக் கண்டு, அங்கிருந்து 5 சென்டிமீட்டர் முன்னே சுருளை வைத்தனர். எல்லார் தலையும் ஒரே அளவா? சட்டையைக்கூட ஆளுக்கு ஆள் அளவெடுத்தன்றோ தைக்கிறோம்! முன்மூளையின் எந்தப் புள்ளி, ஆழத்திலுள்ள துயரப் பகுதியோடு தராசுத் தட்டுகளைப்போல் எதிரெதிராய் இயங்குகிறதோ, அதைத் தூண்டினால் பயன் மிகுதி எனப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின. எனவே எம்.ஆர்.ஐ. படமெடுத்து, அவரவர்க்குரிய இடத்தைக் குறிக்கும் முறையும் வளர்ந்து வருகிறது.

இஃது அனைவரையும் குணப்படுத்தும் மந்திரமன்று. மருந்தும் ஆற்றுப்படுத்தும் பேச்சு மருத்துவமுமே பொதுவாக முதற்படி. அவற்றால் பயன் காணாதவர்க்கே பெரும்பாலும் இம்முறை. பதற்ற நோய்க்கு இதன் பயன் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. வலிப்பு நோய் உள்ளோர்க்கும் தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டோர்க்கும் இது பொருந்துமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

"கரண்டு வைத்துவிடுவார்களோ" என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். அம்மின்னதிர்ச்சி மருத்துவம் வேறு. காந்தத் தூண்டல் வேறு. மின்னதிர்ச்சியையும் மயக்க மருந்தின்றி அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்துள்ளது. திரைப்படத்தில் கண்ட காட்சியை எண்ணி மருத்துவமனையை வெறுத்தல் வேண்டா.

அன்பர்களே! 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனம், நாம் நாள்தோறும் செல்லும் இதே ஓசூர்ச் சாலையில்தான் உள்ளது. அவ்வளவு தொலைவு செல்லத் தயங்குவோர், 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இன்றே எழுதி வைப்போம். மூலையில் முடங்கியிருப்பவரின் கைபற்றி அழைத்துச் செல்வோம்.